யூலையில் ஏறிய கொடி

நம்மில் எத்தனை பேருக்கு இரண்டு பிறந்தநாள் இருக்கிறது? அந்த நாட்களில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டோ, சித்தப்பாவின் பிள்ளை என்று பெயர் போட்டுக்கொண்டோ இந்த நாட்டில் வந்து இறங்கிய உங்களைத்தான் கேட்கிறேன். ஒன்று அம்மா சொன்ன நாள். மற்றது அடையாள அட்டையில் உள்ள நாள். இங்கே ஒருவருடைய இலக்கமே பிறந்த திகதியில்தான் தொடங்குகிறது. அது பிழையாகிவிட்டால் பள்ளிக்கூடம், வங்கி, பல் வைத்தியர் என்று போகிற இடமெல்லாம் அந்தப் பிழையையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது. பழைய கதை சொல்லும் வயதில்லைத்தான். ஆனால் முன்தலையில் மயிர் கொட்டத் தொடங்கிவிட்டது, அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில் நான் விருந்தாளியாக இருந்த கோடையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐந்து கிழமைக்கென்று போனேன். நாலாவது கிழமையிலேயே திரும்பி வந்தேன்.

அப்பா மன்னாரில் கடற்தொழில் செய்தவர். கையெழுத்து வைக்கத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ஆறு வயதில் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவும் கைக்குழந்தையான தங்கச்சியும் பின்னால் வருவதாக ஏற்பாடு. விமான நிலையத்தில் என்னுடைய வயதுக்கு அத்தாட்சி கேட்டபோது அப்பாவிடம் இருந்தது ஞானஸ்நானத் துண்டு மட்டுந்தான். அதில் இரண்டு திகதிகள் இருந்தன. மேலே பிறந்த நாள், யூன் பதினான்கு, அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள். கீழே, சுவாமியாரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், தலையில் தண்ணீர் ஊற்றிய நாள், யூலை பதினைந்து. எழுதிய பொலிஸ்காரர் கீழே இருந்ததைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். அப்பா “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். அப்படியே நான் ஒரு மாதம் பிந்திப் பிறந்தேன்.

அட்டை வந்த பிறகுதான் பிழை தெரிந்தது. அகதி முகாமில் எங்களோடு இருந்த ஒருவர், “தொடாத அண்ணை. ஒண்டைத் திருத்தப் போனா மிச்சமெல்லாம் பொய்யெண்டு சொல்லுவாங்கள். பிறகு மனுசி வந்த மாதிரித்தான்” என்றார். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அம்மாவைக் கூப்பிடும் விண்ணப்பம் அப்போது போட்டிருந்தோம். அவர் அன்றே என்னை மடியில் இருத்தி, “ஆரும் கேட்டா யூலை. விளங்குதோ? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததைச் சொல்லாத” என்றார்.

அந்தக் கோடையில் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் என்னைப் பார்க்க ஆளில்லை. கோயிலுக்கு வரும் டெனிஷ் பெண் ஒருவர்தான் இந்தப் பண்ணையை ஒழுங்கு செய்தார். அவருடைய காரில் போனேன். பயிர் வரிசைகளும் காற்றைத் தடுக்க நட்ட ஊசியிலை மரங்களும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. பிறகு தார் வீதி முடிந்து கல்லுப் பாதை. அதன் முடிவில் ஒரு வெள்ளை வீடு, ஒரு நீண்ட மாட்டுக் கொட்டில், கொடியில்லாத ஒரு கொடிக்கம்பம். அடுத்த வீடு தீப்பெட்டி அளவில் தூரத்தில் தெரிந்தது. அப்பா என்னை இவர்களுக்குக் கொடுத்துவிட்டாரா, அல்லது சும்மா இருக்க அனுப்பினாரா என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்காததைச் சொல்லக்கூடாது என்றால் கேட்கவும் கூடாதென்றே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மூன்று பேர். பண்ணைக்காரர், கதைக்கவே மாட்டார். பண்ணையம்மா, உயரமான மனுசி, எப்போதும் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பதின்மூன்று வயதில் ஒரு மகள். அவர்கள் கதைத்ததெல்லாம் டெனிஷ். எனக்கு அது இன்றைக்குத் தமிழாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது, நம்முடைய ஆட்கள் கதைத்ததுபோல.

முதல் நாள் மேசையில் பாணும் பொரித்த இறைச்சியும் வைத்தார்கள்.

“இன்னும் வேணுமோ?” என்றார் பண்ணையம்மா.

“வேண்டாம்” என்றேன். நம்முடைய வீடுகளில் முதல் தரம் வேண்டாமென்றுதான் சொல்லுவோம். இரண்டாம் தரமும் சொல்லுவோம். மூன்றாம் தரம் கேளாமலே சாப்பாட்டுக் கோப்பையில் போடுவார்கள். நான் இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தேன். பண்ணையம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படி நாலு நாள். நாலாம் நாள் கன்றுகளுக்குக் கரைத்து வைத்த பால்மாவை வாளியிலிருந்து கையால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தபோது மகள் கண்டுவிட்டாள்.

“அம்மா! இவன் கண்டுக்குட்டியின்ரை பாலைக் குடிக்கிறான்!”

பண்ணையம்மா ஓடி வந்தார். என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். “பசிச்சா ஏன் வேண்டாமெண்டனீ?”

எனக்குத் தெரிந்த டெனிஷில் அதை எப்படிச் சொல்லுவது? மூன்று விரலைக் காட்டினேன். அவருக்கு விளங்கியது என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றிரவுச் சாப்பாட்டில் அவர் ஒரு தரம் கேட்டார், நான் வேண்டாமென்றேன். இரண்டாம் தரம் கேட்டார், வேண்டாமென்றேன். மூன்றாம் தரம் மேசையைச் சுற்றி எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கை என் கோப்பையில் கொட்டினார். மகள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். “இவனுக்கு மட்டும் மூண்டு தரம். எனக்கு ஒரு தரமும் கேக்கிறேல்லை.”

அதன் பிறகு நன்றாக இருந்தது. பச்சை றப்பர் பூட்ஸ் ஒன்று தந்தார்கள், உள்ளே என் பெயரை மையால் எழுதி. புளிக்க வைத்த புல்லின் மணமும் பால் இழுக்கும் மெசினின் ‘டக் டக்’ சத்தமும் காலையில் என்னை எழுப்பும். கன்றுகளின் நாக்கு அரத்தால் செய்ததுபோல இருக்கும். கையைக் கொடுத்தால் முழங்கைவரை உறிஞ்சப் பார்க்கும்.

கொட்டிலின் வாசலில் ஒரு கரும்பலகை. கன்று பிறந்ததும் அதன் இலக்கமும் தாயின் இலக்கமும் பிறந்த திகதியும் அதில் சோக்கால் எழுதப்படும். பிறகு பண்ணையம்மா அதை ஒரு தடித்த கொப்பியில் பதிவார். ஒருநாள் மகள் திகதியைப் பிழையாக எழுதிவிட்டாள், ஒரு நாள்தான் வித்தியாசம். குசினியில் கொப்பியோடு இருந்த பண்ணையம்மா அதைக் கண்டுபிடித்து, பாதிக் கோப்பியை விட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பலகையைத் துடைத்து எழுதினார்.

“ஒரு நாள்தானே அம்மா. கண்டுக்குட்டிக்குத் தெரியவோ போகுது?”

“அதுக்குத் தெரியாது. அதாலதான் நாங்கள் சரியா எழுதோணும்.”

நான் பக்கத்தில் நின்றேன். ஒரு நாளுக்கே இப்படியென்றால் ஒரு மாதத்துக்கு என்ன செய்வார் என்று யோசித்தேன்.

இரண்டாம் கிழமையில் தூரத்து வீட்டின் கம்பத்தில் ஒரு கொடி பாதி உயரத்தில் தொங்கியது. என்னவென்று மகளிடம் கேட்டேன். அவள் கண்ணை மூடி, தலையைச் சரித்து, நாக்கை வெளியே நீட்டினாள். “அந்த வீட்டுக் கிழவன். செத்துப்போனார். அதுதான் கொடி.” பண்ணைக்காரரும் மனைவியும் கறுப்பு உடுத்துப் போய்விட்டு வந்தார்கள். பின்னேரம் அந்தக் கொடி உச்சிவரை ஏறியது. ஆளைப் புதைத்து முடிந்தால் மேலே ஏற்றுவார்களாம். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: கொடி என்றால் சாவு, உச்சியில் நின்றால் எல்லாம் முடிந்துவிட்டது.

ஞாயிறுகளில் அப்பா தொலைபேசி எடுப்பார்.

“சாப்பிட்டனியோ?”

“ஓம். அம்மான்ரை கடிதம் வந்ததோ?”

“இல்லை. அங்கை பிரச்சினை. வரும்.”

“எப்ப வருவா?”

“கடிதமோ, அம்மாவோ?”

அப்பா மூச்சு விடுவது கேட்டது. பிறகு, “எல்லாம் வரும். நீ குழப்படி செய்யாமல் இரு” என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் ஞாயிறும் கடிதம் இல்லை. அதற்கு அடுத்த சில நாட்களில் ஒரு காலை. மெசின் சத்தம் நின்றிருந்தது. யன்னலைத் திறந்தேன். எங்கள் முற்றத்துக் கம்பத்தில் கொடி, உச்சியில். கீழே குசினியில் மூன்று பேரும் இரகசியமாகக் கதைத்தார்கள். யாரோ ‘ஸ்ஸ்’ என்றார்கள். அவர்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, மூன்று குரலும் கேட்கிறதே. அப்படியென்றால் என்னுடைய ஆள். அப்பா தொலைபேசியில் சொல்லியிருக்கிறார், இவர்கள் எனக்குச் சொல்லப் பயப்படுகிறார்கள். உச்சியில் நிற்கிறது. மன்னாரில் புதைத்தும் முடிந்துவிட்டது.

பின் கதவால் வெறுங்காலோடு ஓடிக் கன்றுகளின் வைக்கோலுக்குள் புகுந்துகொண்டேன். அழுகை வரவில்லை. ஒரு கன்று என் காதை நக்கிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அவர்கள் தேடி வந்தார்கள். பண்ணையம்மா முழங்காலில் குந்தினார்.

“என்ரை அம்மா செத்துப்போனாவோ?” என்று கேட்டேன். இரண்டு வருடத்தில் நான் கோத்த முதல் முழு டெனிஷ் வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

“என்ன? இல்லை! ஆர் சொன்னது?”

“கொடி.”

“கொடி உனக்கு!” என்றாள் மகள். “உனக்குத்தான் ஏத்தினது!”

“நானோ?” என்றேன். நான் செத்ததை எனக்கு முதலே இவர்களுக்கு யார் சொன்னது என்று உண்மையாகவே யோசித்தேன்.

பண்ணைக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “பிறந்தநாளுக்கும் கொடி ஏத்துவம். உன்ரை அட்டையிலை கிடந்தது. உனக்கு இண்டைக்கு எட்டு.”

என்னைத் தூக்கிக்கொண்டு போனார். மேசையில் சின்னச் சின்னக் கொடிகள், சூடான பணிஸ், ஆள் வடிவத்தில் ஒரு கேக், எட்டு மெழுகுதிரி. பாடினார்கள். அம்மா உயிரோடு இருக்கிறார். அந்த ஆறுதலில் உடம்பெல்லாம் இலேசாகி, வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

“இண்டைக்கு என்ரை பிறந்தநாள் இல்லை!” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். “யூன் பதினாலு. அம்மா சொன்னவ. இது கோயில்லை தண்ணி ஊத்தின நாள். பொலிஸ் பிழையா எழுதினது.”

எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மகள் சிரித்தாள். பண்ணையம்மா கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். கரும்பலகையைப் பார்த்த அதே முகம்.

அன்று பின்னேரமே குசினி மேசையில் இருந்து குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னிடம் ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதினார். முத்திரை ஒட்டும் வேலையை எனக்குத் தந்தார். நான்தான் நாக்கால் நனைத்து ஒட்டினேன்.

ஞாயிறு அப்பா எடுத்தபோது பண்ணையம்மாவே முதலில் கதைத்தார். சந்தோசமாக, உரத்து, ஒவ்வொரு சொல்லாக: திகதி பிழை, நான் எழுதிவிட்டேன், இனி எல்லாம் சரி. பிறகு ரிசீவரை என்னிடம் தந்தார். மறுபக்கத்தில் அப்பா வைத்துவிட்டிருந்தார்.

இரண்டு நாளில் அப்பா ஒரு கூட்டாளியின் காரில் வந்தார். பண்ணையம்மா கோப்பி ஊற்றினார். அப்பா ஒரு மிடறு குடித்து, “நன்றி, நன்றி” என்று எழும்பிவிட்டார். கார் கல்லுப் பாதையைத் தாண்டியது. பிறகு அப்பா திரும்பிப் பாராமல் கேட்டார்.

“ஆரடா உன்னைச் சொல்லச் சொன்னது?”

அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஏசவில்லை. காரோட்டிய கூட்டாளிதான், “சின்னப் பெடியன், விடு அண்ணை” என்றார். பூட்ஸ் பின் கதவடியிலேயே நின்றுவிட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

அந்த வருடம் அம்மா வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. தங்கச்சி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்று கடிதம் வந்தது. ஒவ்வொரு யூனிலும் பண்ணையிலிருந்து எனக்கு ஒரு வாழ்த்து மட்டை வரும், பதினாலாம் திகதி பிந்தாமல். தபால் எடுப்பது நான். பிரிக்காமல் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். ஒரு பதிலும் எழுதியதில்லை. நான் பண்ணையம்மாவின்மேல் கோபமாக இருக்கிறேனா, என்மேல் கோபமாக இருக்கிறேனா என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.

எனக்குப் பதினொரு வயதில் அம்மா வந்தார். தங்கச்சி என்னை ‘நீங்கள்’ என்றாள். பிறகுதான் தொலைக்காட்சியில் எல்லாம் வெளியே வந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தமிழரின் குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்களை மேலிடமே நிறுத்தி வைத்திருந்தது, விசாரணை, அமைச்சர், அரசாங்கம் விழுந்தது. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது பெரியவர்கள் வேறு கதையே கதைக்கவில்லை. “எல்லாற்றையும் தானாம் கிடப்பிலை போட்டவங்கள்!” அப்பா பேசாமல் நிற்பார். நானும் நிற்பேன். மற்றவர்களுக்கு அப்படி நடந்திருக்கலாம். எங்களுடையது வேறு. எங்களுடையதில் நான் முத்திரை ஒட்டிய கடிதம் இருந்தது.

ஓகூஸ் நகரத்தில் படிக்கும்போது சட்டம் படித்த ஒரு நண்பன், குடிவரவு அலுவலகத்தில் தங்களைப் பற்றி இருக்கும் கோப்பை யாரும் கேட்டுப் பார்க்கலாம் என்றான். கேட்பதற்கே எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. பிரதிகள் தடித்த உறையில் வந்தன. வாசலிலேயே நின்று புரட்டினேன். விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்த குறிப்பு, நான் பண்ணைக்குப் போனதற்கு முந்திய குளிர்காலத்திலேயே எழுதப்பட்டிருந்தது. திகதியைப் பல தரம் பார்த்தேன். பண்ணையம்மாவின் கடிதம் கடைசியில் கிடந்தது. வந்து சேர்ந்த நாளுக்கு ஒரு முத்திரை. வேறொன்றுமில்லை. பதில் எழுதவில்லை, என் திகதியைத் திருத்தவுமில்லை. யாராவது வாசித்தார்களா என்பதே சந்தேகம்.

அந்தச் சனிக்கிழமை பிராண்டேயில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்தக் கடிதத்தைத் தமிழில் வாசித்தேன்.

“இந்தப் பிள்ளை யூன் பதினாலாம் திகதி பிறந்தவன் என்று அவனுடைய தாய் சொல்லியிருக்கிறார். நாங்கள் மாடு வளர்க்கிறவர்கள். பிறந்த நாளைப் பற்றித் தாயைவிட நல்ல சாட்சி இல்லையென்று எங்களுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் அவரையே கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர் இங்கே வரவேண்டும். ஆகவே தயவுசெய்து விரைவாக வர விடுங்கள். அவன் நல்ல பிள்ளை. எதையும் மூன்று தரம் கேட்கவேண்டும்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அப்ப, இதாலை இல்லையோ?”

“இல்லையப்பா. முதலே நிப்பாட்டியாச்சு.”

“நான் எயார்போட்டிலை ஓமெண்டு தலையாட்டினதாலையும் இல்லையோ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, கோயில் மண்டபத்தில் அவர் ஏன் பேசாமல் நின்றார் என்பது.

“நல்லாயிருக்கு,” என்றார் அம்மா. “நான் கொழும்பிலை நிண்டு நிரப்பின போமிலை என்ன பிழை விட்டனெண்டு இத்தனை வருசமா யோசிச்சுக்கொண்டிருக்கிறன். ஒருத்தரும் வாயைத் திறக்கேல்லை. மூண்டு பேரும் தனித்தனியா வைச்சு அவிச்சிருக்கிறம்.” பிறகு, “அந்த மனுசிக்கு ஒரு பதில் போட்டியோ?” என்று கேட்டார்.

நான் சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

“ஐயோ!” என்றார் அம்மா. “ஒண்டும் பிரிக்கேல்லையே! என்ன பிள்ளையடா நீ?”

அன்றே தொலைபேசி எடுத்தேன். பண்ணைக்காரர் காலமாகிவிட்டார். மாடுகள் இல்லை, மகள் வேறு நகரத்தில். பண்ணையம்மா அழவுமில்லை, ஏன் இவ்வளவு காலம் என்று கேட்கவுமில்லை. “எப்ப வாறாய்?” என்றார். “எப்ப வாறாய்?” என்றார் மறுபடியும். மூன்றாம் தரமும் கேட்டார்.

யூனில் போனோம். அப்பா ஓட்டினார், அம்மா பக்கத்தில், மடியில் பெட்டி நிறையப் பருத்தித்துறை வடை. நான் பின்னால், பிரித்து வாசித்த மட்டைகளோடு. கல்லுப் பாதை அப்படியே இருந்தது. ஊசியிலை மரங்கள் முடிந்ததும் முதலில் தெரிந்தது கம்பம்தான், உச்சியில் கொடி.

“பாருங்கோ,” என்றார் அம்மா. “சரியான நாளிலை ஏத்தியிருக்கினம்.”

அப்பா காரை மெதுவாக்கினார்.

“ஏன் ஏத்தாயினம்?” என்றார். “இவனெல்லே சொன்னவன்.”